கையை விரி, வில்லைத் தேடு

“மாமா, எந்தக் கம்பெனி வில் வாங்கலாம்?” என்று கேட்டுக்கொண்டே வந்தான் அக்கா மகன். மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் பக்கம் அவனுக்கு வேலை. அக்டோபர் பிறந்துவிட்டால் அவன் அலுவலகத்தில் பலர் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்த ஆண்டு இவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. “அதற்குள் ரெண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துச் சுவரோடு ஒட்டி நில்லு” என்றேன். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை 67 அங்குலம். அதை 2.5-ஆல் வகுத்தால் 26.8. வில் கடைக்குள் காலை வைக்கும்போது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் எண் இதுதான். கம்பெனிப் பெயரெல்லாம் அதற்குப் பிறகு.

வேட்டையே கூடாது என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. மான்கள் பெருகி, ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் கார்கள் மான்மேல் மோதும் மாநிலம் இது. அரசே உரிமம் கொடுத்து வேட்டைக்கு அனுப்புகிறது. போவதென்று ஒருவன் முடிவெடுத்துவிட்டால், அந்த மான் அரைகுறைக் காயத்தோடு இரண்டு நாள் காட்டில் அலையாதபடி செய்வது அவன் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் பாதி வில்லைத் தேர்ந்தெடுப்பதிலும், அதைச் சீராக்குவதிலும் இருக்கிறது.

கையை ஏன் அளக்கச் சொன்னேன் என்பதற்குக் காம்பவுண்ட் வில் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். சாதாரண வில், இழுக்க இழுக்கக் கனக்கும். முழுக்க இழுத்த இடத்தில்தான் கனம் உச்சம். அங்கே நின்று நிதானமாகக் குறிபார்க்க ஆயுள்காலப் பழக்கம் வேண்டும். மிசூரி மாநிலத்துக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 கடைசியில் அது கிடைத்தது. வில்லின் இரண்டு நுனியிலும் உருளைகள். ஆனால் கிணற்று ராட்டினத்துக்கு அச்சை நடுவில் போடாமல் ஓரமாகப் போட்டதுபோல, அச்சு விலகிய உருளைகள். அவை சுழலச் சுழல, கயிற்றுக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே வரும். முதலில் கனம் ஏறும், உச்சியைத் தொடும், பிறகு சட்டென்று விழும். இன்றைய வில்களில் இந்த உருளையைக் கேம் என்கிறார்கள். கனம் விழும் அளவை லெட்-ஆஃப் என்கிறார்கள். 70 பவுண்டு வில்லில் 80 சதவீத லெட்-ஆஃப் என்றால், முழுக்க இழுத்த பிறகு விரல் தாங்குவது 14 பவுண்டுதான். மான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று யோசிக்கும் நேரம் முழுவதும் வில்லைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

கனம் விழுந்த இடத்துக்கு அப்பால் நாண் நகராது. சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். ஆக, எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதை வில்லே நிர்ணயிக்கிறது. சாதாரண வில்லை அண்ணன் ஒரு அளவிலும் தம்பி ஒரு அளவிலும் இழுத்துக்கொள்ளலாம். இதில் அது நடக்காது. அண்ணனுக்கு அளவெடுத்த வில்லைத் தம்பி எய்தால் அம்பு எங்கே போகும் என்று தம்பிக்கே தெரியாது.

இந்த இழுநீளம் தவறினால் உடம்பு காட்டிக்கொடுக்கும். அதிகமாக இருந்தால் தலை பின்னால் சாயும், வில் பிடித்த கையின் முழங்கை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், நாண் முகத்தில் அழுந்தும், விட்டவுடன் முன்கையில் சுளீரென்று அடிக்கும். குறைவாக இருந்தால் தோள் குறுகி, பெட்டிக்குள் உட்கார்ந்து எய்வதுபோல இருக்கும். புதிதாக வருகிறவர்களிடம் நான் பார்ப்பது பெரும்பாலும் முதல் வகைதான். நீளம் கூடினால் வேகம் கூடும் என்று யாரோ காதில் போட்டிருப்பார்கள். 2.5-ஆல் வகுக்கும் கணக்கு ஒரு தொடக்கம். கடையில் வில்லை இழுத்து நிற்கவைத்து, பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்து அரை அங்குலம் கூட்டிக் குறைப்பதுதான் முடிவு. நம் பையனுக்கு 26.5-லிருந்து 27 வரை சரிப்படும். பெரும்பாலான வில்களில் கேமில் இருக்கும் ஒரு சிறு துண்டை நகர்த்தியோ மாற்றியோ இதைச் செய்துவிடலாம்.

இப்போது வேகத்துக்கு வருவோம். விளம்பரத்தில் விநாடிக்கு 340 அடி, 345 அடி என்று போட்டிருப்பார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த எண் அளக்கப்படுவது 70 பவுண்டு இழுவிசையில், 30 அங்குல இழுநீளத்தில், 350 கிரெய்ன் எடையுள்ள மெல்லிய அம்பில். 30 அங்குல இழுநீளம் என்றால் விரித்த கை 75 அங்குலம்; ஆறேகால் அடி மனிதர். நம்மில் எத்தனை பேர் அப்படி? இழுநீளம் ஒரு அங்குலம் குறைந்தால் வேகம் ஏறக்குறைய 10 அடி குறையும். 27 அங்குலக்காரர் கையில் 340 என்பது 310 ஆகிவிட்டது. 60 பவுண்டுக்கு வைத்தால் இன்னும் 15, 20 போகும். வேட்டைக்கு உகந்த 420 கிரெய்ன் அம்பைப் போட்டால், மூன்று கிரெய்னுக்கு ஓர் அடி என்ற கணக்கில் இன்னும் இருபத்துச் சொச்சம் போகும். நாணில் பீப் (குறிபார்க்கும் சின்ன வளையம்), டி-லூப் (அம்பின் வாலருகே கட்டும் சிறு கயிற்றுக் கண்ணி) என்று கட்டுவதெல்லாம் சேர்ந்து கடைசியில் 260 அருகே வந்து நிற்கும்.

“அப்ப ரொம்ப மெதுவா மாமா?” என்றான்.

இல்லை. அம்பின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240-ஆல் வகுத்தால் அதன் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் வரும். 420 கிரெய்ன், 260 அடி: 63. வெள்ளைவால் மானுக்கு 25-லிருந்து 41 வரை இருந்தால் போதும் என்பது இந்தத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் வழிகாட்டு அளவு. 42-லிருந்து 65 வரை என்பது எல்க் போன்ற பெரிய மானுக்கும் கருங்கரடிக்கும். ஆகவே வேகத்துக்காகக் கூடுதலாக ஐந்நூறு டாலர் கொடுக்கும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வேகத்தைவிட மேலானது ஒன்று இருக்கிறது: சத்தமின்மை. 30 கஜத்தில், அதாவது 90 அடியில், மான் நிற்கிறது. நாண் எழுப்பும் சத்தம் விநாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி வேகத்தில் போய் 0.08 விநாடியில் அதன் காதில் விழும். அம்பு போய்ச்சேர 0.35 விநாடி ஆகும். நடுவில் கால் விநாடிக்கும் சற்றுக் கூடுதல். பாய்ந்து ஓடுவதற்காக மான் முதலில் காலை மடக்கிப் பதுங்கும். அந்தக் கால் விநாடியில் முதுகு பல அங்குலம் இறங்கிவிடும், அம்பு மேலே போய்விடும். வில்லின் வேகத்தை 260-லிருந்து 290-க்கு ஏற்றினால் மிச்சமாவது 0.036 விநாடி. அதற்குப் பதில் சத்தம் அடங்கிய வில்லாக வாங்கி, கனமான அம்பைப் போட்டால் மானுக்குச் சந்தேகமே வராமல் போக வாய்ப்பு அதிகம். கனமான அம்பு வில்லின் ஆற்றலை அதிகமாக வாங்கிக்கொள்ளும். சத்தமாகவும் அதிர்வாகவும் வீணாவது குறையும். கடையில் இரண்டு மூன்று வில்களை ஒரே அம்பால் எய்து, கண்ணை மூடிக் கேட்டுப்பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

இழுவிசையில்தான் ஆண்பிள்ளை வீம்பு நுழையும். அலுவலக நண்பர் 70 பவுண்டு இழுக்கிறார் என்பதற்காக நீங்களும் இழுக்க வேண்டியதில்லை. விஸ்கான்சினில் மான் வேட்டை வில்லுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 30 பவுண்டு, கொலராடோவில் 35. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் எதுவும் தாராளம். ஒரு சோதனை சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து சற்றுத் தூக்கிக்கொண்டு, வில்லை இலக்கை நோக்கியே வைத்து நேராக இழுக்க வேண்டும். வில்லை வானத்துக்குத் தூக்கி, உடம்பை முறுக்கி இழுக்க வேண்டிவந்தால் அந்த வில் உங்களுக்குக் கனம். நவம்பர் குளிரில், தடித்த கோட்டுக்குள், மரத்துப் பரண்மேல் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு அதே வில்லை இழுக்க வேண்டியிருக்கும். தூக்கி இழுக்கும் அந்த அசைவையே மான் பார்த்துவிடும். வில்லின் கைகள் 50-60, 60-70 என்று வரம்போடு வரும். 60 வேண்டுமென்றால் 50-60 வில்லை உச்சத்தில் வைத்துக்கொள்வதுதான் என் கட்சி. அந்த நிலையில் வில் நன்றாக வேலை செய்யும்.

மற்ற அளவுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். அச்சுக்கு அச்சு நீளம் 28-லிருந்து 33 அங்குலம் வரை வேட்டை வில்களில் இருக்கும். பரணில் குட்டை வில் சௌகரியம், நீள வில் கையில் ஆடாது. கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி 6-லிருந்து 7 அங்குலம். அது குறையக் குறைய வேகம் கூடும், கையின் சிறு பிழையையும் வில் மன்னிக்காது. புதியவர்கள் 6.5-க்குக் கீழே போக வேண்டாம். ஒற்றைக் கேம், இரட்டைக் கேம், கலப்புக் கேம் என்ற சண்டையை வாங்குகிறவர்கள் தலையில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. விஸ்கான்சின் ஸ்பார்ட்டாவின் மேத்யூஸ், யூட்டா சால்ட் லேக் சிட்டியின் ஹாய்ட், அரிசோனா டூசானின் பி.எஸ்.இ., ஓரிகன் யூஜீனின் போடெக் என்று யாருடையதை எடுத்தாலும் அம்பை ஒழுங்காக எறியும். வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் எந்தக் கம்பெனி வில்லுக்குப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒன்றை மட்டும் தாண்டக்கூடாது: எந்தக் கண் ஆளும் கண் என்று பார்க்க வேண்டும். இரு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் வைத்து, தூரத்துக் கதவுக் கைப்பிடியை அதற்குள் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கைப்பிடி முக்கோணத்துக்குள் நிற்கிறதோ அது ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால், வில் வாங்கும் முன் யோசிக்க வேண்டும். வலக்கை வில்லை வாங்கிய பிறகு இடக்கை வில்லாக மாற்ற முடியாது.

பணம். பெரிய கம்பெனிகளின் முதல்தர வில் வெறும் வில்லாகவே ஆயிரம் டாலரை எளிதாகத் தாண்டும். குறிக்கருவி, ரெஸ்ட் என்னும் அம்புத் தாங்கி, அம்புக்கூடு எல்லாம் பூட்டிய தொகுப்பாக அதில் பாதிக்கும் குறைவான விலையில் நல்ல வில்கள் உண்டு. புது மாடல்கள் குளிர்காலத் தொடக்கத்தில் வரிசையாக வெளிவரும். போன வருட மாடல் அப்போது விலை இறங்கும். அதை வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை. பழைய வில் வாங்கினால் கையில் கொஞ்சம் பஞ்சு எடுத்துப்போங்கள். வில்லின் கைகளின்மேல் பஞ்சை மெல்லத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத பிசிறிலும் விரிசலிலும் அது சிக்கும். சிக்கினால் வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். உத்தரவாதமும் பெரும்பாலும் முதல் சொந்தக்காரரோடு முடிந்துவிடும்.

இரண்டாவது டம்ளர் டீயோடு அம்புக்கு வந்தோம். வில்லுக்குச் செலவழித்துவிட்டு அம்பில் சிக்கனம் பிடிப்பவர்கள் ஏராளம். கார்பன் அம்பில் எழுதியிருக்கும் 300, 340, 400 என்பவை விறைப்பைச் சொல்லும் எண்கள். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் அம்பை வைத்து, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால், எவ்வளவு வளைகிறதோ அது. 400 என்றால் 0.400 அங்குலம் வளைந்தது. எண் சிறிதானால் விறைப்பு அதிகம். நாண் பின்னாலிருந்து தள்ளும்போது எந்த அம்பும் நெளிந்துதான் கிளம்பும். வில்லின் பலத்துக்கு ஏற்ற அளவு நெளிய வேண்டும், அவ்வளவுதான். முனையில் எடையைக் கூட்டினால் அம்பு இளகியதுபோல நடந்துகொள்ளும். நீளத்தை வெட்டினால் விறைக்கும். 60 பவுண்டு, 27 அங்குலம், 100 கிரெய்ன் முனை என்றால் 400 பொருந்தும். ஒவ்வொரு கம்பெனியும் அட்டவணை போட்டிருக்கிறது, அதையே பின்பற்றலாம். இழுவிசை ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்னுக்குக் குறைந்த அம்பை மட்டும் எந்த வில்லிலும் ஏற்றக்கூடாது. அம்பே இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடுவது அதைவிட மோசம். ஆற்றல் போக இடமில்லாமல் வில்லுக்குள்ளேயே வெடிக்கும், கேமும் வில்லின் கைகளும் சிதறும். எய்வதற்கு முன் ஒவ்வொரு கார்பன் அம்பையும் காதருகே பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். கிறீச்சென்றால் உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட அம்பு வில் பிடித்த கையைக் குத்திக் கிழித்துவிடும்.

“கடைக்காரரே எல்லாம் சீர்பண்ணித் தந்துடுவார்ல?” என்று கேட்டான். முதல் பாதியை அவர் செய்வார், செய்யவும் வேண்டும். மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது.

அவர் செய்வது: கம்பெனி கொடுத்த அளவோடு அச்சு நீளமும் நாண் இடைவெளியும் ஒத்துப்போகிறதா என்று அளப்பார். இழுபலகையில் வில்லை மெல்ல இழுத்து, மேல் கேமும் கீழ்க் கேமும் ஒரே நேரத்தில் போய் முட்டுகின்றனவா என்று பார்ப்பார். ஒன்று முந்தினால், வில்லைப் பிரெஸ்ஸில் அழுத்தி, கேம்களை இணைக்கும் கேபிளில் அரை முறுக்கோ ஒரு முறுக்கோ ஏற்றியோ இறக்கியோ சரிசெய்வார். இந்த வேலையைப் பிரெஸ் இல்லாமல் வீட்டில் செய்யப் பார்க்காதீர்கள். கட்டவிழ்ந்த வில் விரலை எடுத்துவிடும். அப்புறம் அம்பைப் பூட்டி, மூலைமட்டம் வைத்து, அம்பு நாணுக்குச் செங்குத்தாக நிற்கும்படி டி-லூப்பைக் கட்டுவார். கைப்பிடிக்கு மேலே ரெஸ்ட் மாட்டும் துளையின் நடுவை ஒட்டி அம்பு போக வேண்டும். கைப்பிடிச் சுவரிலிருந்து அம்பின் நடு ஏறத்தாழ 13/16 அங்குலம் தள்ளி இருப்பது வழக்கமான தொடக்க அளவு. பீப் என்பது நாணுக்குள் செருகிய சின்ன வளையம். அதன் உயரத்தைத் தீர்மானிக்க, கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, கையைத் தாடையில் வழக்கமான இடத்தில் பதித்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். திறந்ததும் வளையத்தின் நடுவே குறிக்கருவி தெரிந்தால் சரி. கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேட வேண்டியிருந்தால் வளையத்தைத்தான் நகர்த்த வேண்டும், கழுத்தையல்ல.

வாங்கிய அன்றே நுணுக்கச் சீரமைப்பு வேண்டாம். புது நாணும் கேபிளும் நூறு, இருநூறு அம்பு போகும்வரை இழுபட்டு அமரும். பீப் கொஞ்சம் திரும்பும், கேம் கொஞ்சம் விலகும். அது அடங்கட்டும். அந்த நாட்களில் சீராக்க வேண்டியது உங்கள் பிடியை. உள்ளங்கை முழுவதையும் வைத்து வில்லை இறுக்கக் கூடாது. கட்டைவிரலடித் தசையில் வில் சாய்ந்து நிற்க, விரல்கள் தளர்ந்து தொங்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் விடும் கணத்தில் வில் பக்கவாட்டில் திருகும். பிறகு என்ன சீரமைத்தாலும் நாளைக்கு ஒரு விதம், மறுநாள் ஒரு விதம்.

பிறகு காகிதம். ஒரு சட்டத்தில் காகிதத்தை விறைப்பாக ஒட்டி, பின்னால் இலக்கை வைத்து, ஆறடி தூரத்திலிருந்து காகிதத்தின் ஊடாக எய்ய வேண்டும். முனை ஒரு வட்டத் துளை போடும், பின்னிறகுகள் கீறல் போடும். துளையைச் சுற்றிக் கீறல்கள் சமமாக இருந்தால் அம்பு நேராகப் போகிறது. இறகுக் கீறல் துளைக்கு மேலே இருந்தால் அம்பின் வால் உயர்ந்து போகிறது. டி-லூப்பைக் கொஞ்சம் இறக்கலாம், அல்லது ரெஸ்டைக் கொஞ்சம் ஏற்றலாம். கீழே இருந்தால் அதற்கு நேர்மாறு. பக்கவாட்டுக் கிழிசல் வந்தால் மட்டும் அலன் கீயைக் கையில் எடுக்க அவசரப்படாதீர்கள். கைப்பிடி திருகலாம், கேம் சாய்ந்திருக்கலாம், அம்பின் விறைப்பு பொருந்தாமல் இருக்கலாம், இறகு ரெஸ்டில் உரசலாம். கொஞ்சம் பவுடரை இறகில் தூவி எய்து பாருங்கள். உரசும் இடத்தில் தடம் தெரிந்துவிடும். நான் முதலில் சந்தேகப்படுவது கையைத்தான். வேறொரு தேர்ந்த ஆள் அதே வில்லை எய்து கிழிசல் மறைந்தால் வில்மேல் குற்றமில்லை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு. இரண்டை ஒரே நேரத்தில் நகர்த்தினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

காகிதத்தில் அழகான துளை விழுந்ததும் பெரும்பாலானவர்கள் வேலை முடிந்தது என்று வில்லைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். வேட்டைக்காரரின் உண்மையான பரீட்சை இனிமேல்தான். பழக்கத்துக்கு எய்வது மொட்டை முனை அம்பு. வேட்டைக்குப் போவது பிராட்ஹெட் என்ற அலகு முனை. மிச்சிகனில் அதன் அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அம்பின் பின்னால் இருக்கும் இறகுகள் காற்றைப் பிடித்து அம்பை நேராக்கும். முன்னால் இருக்கும் அகலமான அலகுகளும் காற்றைப் பிடிக்கும், ஆனால் அவை அம்பைத் திசைதிருப்பும். அம்பு இம்மியளவு கோணலாகக் கிளம்பினாலும் மொட்டை முனையில் இறகுகள் அதைத் திருத்தி மறைத்துவிடும். அலகு முனையில் அந்தக் கோணல் 30 கஜத்தில் நான்கைந்து அங்குலமாகப் பல்லிளிக்கும். மானின் நுரையீரல் இருக்கும் இடமே ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான்.

அதனால் 20 கஜத்தில் மொட்டை முனை ஒன்று, அதே எடையுள்ள அலகு முனை ஒன்று என்று மாறி மாறி எய்யுங்கள். அலகு முனை இடப்பக்கம் விழுந்தால் ரெஸ்டை வலப்பக்கம் நகர்த்துங்கள். கீழே விழுந்தால் ரெஸ்டை ஏற்றுங்கள். அலகு முனை எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்ட் போக வேண்டும், மயிரிழை மயிரிழையாக. 20-ல் இரண்டும் சேர்ந்த பிறகு 30, பிறகு 40. மூன்று தூரத்திலும் இரண்டு முனைகளும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் வில் சீரானது என்பேன். குறிக்கருவியைத் தொடுவது அதற்கும் பிறகு: அம்பு இடப்பக்கம் விழுந்தால் குறி ஊசியையும் இடப்பக்கம் நகர்த்துங்கள், அம்பைத் துரத்திப் போவது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குறிக்கருவியில் இருக்கும் குட்டி ரசமட்டத்தைப் பார்க்காமல் எய்யப் பழகிவிடாதீர்கள். சரிவில் நிற்கும்போது வில் தானாகச் சாயும், கண் அதைக் கண்டுபிடிக்காது.

தாக்கும்போது விரியும் அலகு முனைகளும் இருக்கின்றன. பறக்கும்போது மடங்கியிருப்பதால் மொட்டை முனைபோலவே போகும். சீராக்காத வில்லின் குறையை அவை மூடிமறைக்கும். அதனாலேயே சோம்பேறிகளுக்குப் பிடிக்கும். அவற்றைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. ஆனால் நிலையான அலகில் வில்லைச் சீராக்கிவிட்டுப் பிறகு அவற்றுக்குப் போங்கள். கோணலாகப் போய் இறங்கும் அம்பு பலத்தைப் பக்கவாட்டில் தொலைத்துவிடும், ஆழமாகப் போகாது. அம்பு துப்பாக்கிக் குண்டுபோல அதிர்ச்சியால் கொல்வதில்லை. வெட்டிக் குருதி போக்கித்தான் கொல்கிறது. ஆகையால் பழகிய அலகையே காட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. வேட்டைக்குப் புது அலகு, சவரக்கத்திக் கூர்மையில்.

இதெல்லாம் நம்மூருக்கு ஆகுமா என்று சென்னையிலிருந்து ஒரு நண்பர் கேட்டார். வேட்டைக்கு ஆகாது, 1972-ன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதை மூடிவிட்டது. விளையாட்டுக்குத் தாராளமாக ஆகும். 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் வில்லின் ஐந்து தங்கத்தையும் இந்தியாவே அள்ளியது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல்முறையாக இடம்பெறுகிறது. கையை விரித்து அளப்பதிலிருந்து காகிதம்வரை எல்லாம் விளையாட்டுக்கு எய்பவர்களுக்கும் இதே பாடம்தான், அலகு முனை ஒன்றைத் தவிர. ஒரு வேடிக்கை: அதே 1972-ல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் வில், அம்புகள்மேல் வரி போட்டு, அதை வனவுயிர்ப் பணிகளுக்கே திருப்பிவிடும் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடையில் நீங்கள் வில்லுக்குக் கொடுக்கும் விலைக்குள் அந்த வரியும் ஒளிந்திருக்கிறது.

மிச்சிகனில் வில் வேட்டை அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்று இல்லாமல் வழக்கமான உரிமம் வாங்க முடியாது. அதை முதலில் முடியுங்கள். பரணில் ஏறும்போது உடம்பில் பாதுகாப்பு வார் கட்டாயம். வில்லை ஜூனில் வாங்குங்கள், ஜூலை முழுக்க எய்து நாணை அமர விடுங்கள், ஆகஸ்டில் காகிதமும் அலகு முனையும் பாருங்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் கடைக்குப் போனால் ஊரே வில்லோடு வரிசையில் நிற்கும். உங்கள் வில்லைப் பொறுமையாகப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.